ஹாரன் விரட்டிய குழி

ஒரு பைக்ல இருந்த ஹாரனுக்கு, ரோடே தன் சத்தத்துக்குப் பயந்துதான் வழிவிடுதுன்னு நெனப்பு. அன்னிக்கும் ஒரு எருமைய வெலக்கிட்டு, "டேய் பிரேக்கு, உனக்கு இங்க வேலையே இல்லடா"ன்னு சீண்டுச்சு.

வளைவு திரும்பினா, நேத்து இல்லாத பெரிய குழி ஒண்ணு மழத்தண்ணியோட வாயப் பொளந்துட்டுக் கெடக்கு. ஹாரன் தொண்டை கிழியக் கத்துச்சு. குழி அசையல.

"திமிரப் பாரு இதுக்கு. நகர மாட்டேங்குது."

"அண்ணே, விழுந்தா மொதல்ல நசுங்கப்போறது நீங்கதான், கொஞ்சம் சும்மா இருங்க"ன்னு பிரேக் பல்லக் கடிச்சுட்டு சக்கரத்த இறுக்கிப் புடிச்சுது. வண்டி குழியோட ஓரத்துல கிறீச்சுன்னு நின்னுச்சு. பிரேக்குக்கு உடம்பெல்லாம் கொதிச்சுது.

ஹாரன் மெதுவா குழிய எட்டிப் பாத்துச்சு.

"நான் போட்ட சத்தத்துல பயபுள்ள ஒரு அடிகூட முன்னால வரல, பாத்தியாடா?"