சமையலறைச் சுவரில் ஒரு துவாரம்

1974ஆம் ஆண்டு மே மாதம் 11ஆம் நாள், சனிக்கிழமை, காலை பத்தேகால் மணி. அமெரிக்காவின் நெப்ராஸ்காவில், வில்லோ பெண்ட் ஊரின் காவலுக்கும் சிறைக்கும் பொறுப்பான முதல் ஷெரீஃப் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் மரவீட்டின் சமையலறையில் மூவர் நிற்கிறார்கள். அவர் இங்கேதான் வாழ்ந்தார் என்பதற்கு நண்பகலுக்குள் சான்று கிடைக்காவிட்டால், வீட்டை இடித்துவிடலாம் என்பது நகர மன்றத்தின் எண்ணம்.

வீட்டைப் பராமரிக்கும் ஹெட்டா சுட்டு வைத்த சோள ரொட்டியின் மேல் கிழக்குச் சன்னலின் வெயில் படிந்திருக்கிறது. வெண்ணெய் மெல்ல உருகுகிறது. மன்ற உறுப்பினர் மெர்ல் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். இந்நாளைய ஷெரீஃப் ஆர்வில் தோள் கொடுத்து நகர்த்தியதும், தரை கிறீச்சிட அலமாரி விலகுகிறது. சுவரில், இடுப்புயரத்தில், இரும்பு விளிம்பிட்ட நீளத் துவாரம் ஒன்று தெரிகிறது. அதன் அடிவிளிம்பு, தட்டுகள் உரசி உரசிக் கண்ணாடிபோல் மின்னுகிறது. முதல் ஷெரீஃபின் காலத்தில் சிறை அறை அவருடைய வீட்டை ஒட்டியே இருக்கும்; அவருடைய மனைவியே கைதிகளுக்குச் சமைத்து, இப்படியொரு துவாரம் வழியாகத் தட்டைத் தள்ளுவாள். ஆர்வில் வெளியே ஓடிச் சுற்றிக்கொண்டு, சுவருக்கு அப்பாலுள்ள விறகு அறைக்குள் நுழைகிறார். துவாரத்தின் வழியே அவருடைய கை மட்டும் நீள்கிறது.

"ஹெட்டா, கைதிக்குப் பசிக்குது."

"என்ன குத்தம்டா பண்ணே?"

"போன தேர்தல்ல மெர்லுக்கு ஓட்டுப் போட்டேன்."

முதலில் சிரிப்பவர் மெர்ல்தான். ஹெட்டா தகரத் தட்டைத் தள்ளுகிறாள். அது அளவெடுத்ததுபோல் வழுக்கிச் செல்கிறது.

அன்று நண்பகலில் மன்றம் ஒருமனதாக முடிவு செய்தது: வீடு இடிக்கப்படாது, அலமாரி பழைய இடத்துக்குத் திரும்பாது.