அனுப்பிரியாவைக் கேட்டு வந்தவர்கள்

கடலூரிலிருந்து சவரியம்மாள் தன் மகன் எழிலனோடு கீரப்பாளையத்துக்கு வந்திருந்தாள். கையிலிருந்த பழத்தட்டைப் பார்த்ததுமே தட்சிணாமூர்த்திக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"உங்க பொண்ணு அனுப்பிரியாவக் கேட்டு வந்திருக்கோம்ண்ணே. அவளத் தவிர வேற யாரும் வேணாங்கறான்."

"தம்பி என்ன பண்றாப்ல?"

"செம்மங்குப்பத்துல மருந்து கம்பெனியில கெமிஸ்ட். வேல முடிஞ்சா கிட்டாருதான்."

தட்சிணாமூர்த்தி பழத்தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நீங்க சர்ச்சு, நாங்க கோயிலு. சொந்தக்காரங்க பேசுவாங்க, பேசட்டும். கல்யாணத்துக்கு எனக்குச் சம்மதம்."

எழிலன் பதறி எழுந்தான். "ஐயோ அங்கிள், கல்யாணத்துக்கு இல்ல! எங்க மெட்டல் மியூசிக் பேண்டுக்கு. டிரம்ஸ் வாசிக்கிறவன் துபாய் போயிட்டான். உங்க பொண்ணு மாடியில டிரம்ஸ் வாசிச்ச வீடியோவப் பாத்தோம். அவுங்க வரலன்னா எங்க ஆல்பம் பாதியில நின்னுடும். ஞாயித்துக்கிழம பிராக்டிஸுக்கு மட்டும் வந்தாப் போதும்."

"அப்ப இந்தத் தட்டு எதுக்கு?"

"வயசுப் பொண்ண அனுப்பச் சொல்லிக் கேக்கறோம். வெறுங்கையோடவா வர்றது?" என்றாள் சவரியம்மாள்.

தட்சிணாமூர்த்தியின் முகம் இறுகியது. "கல்யாணம்னா சரி. டிரம்ஸ் அடிக்கல்லாம் எம்பொண்ண அனுப்ப முடியாது."

உள்ளேயிருந்து அனுப்பிரியா வந்தாள். "ஏம்ப்பா, இப்பதான் இவுங்க வீட்டுக்கு ஆயுசுக்கும் அனுப்பறேன்னீங்க. ஞாயித்துக்கிழம மட்டும் அனுப்ப மாட்டீங்களா?"

தட்சிணாமூர்த்தி தட்டிலிருந்து ஒரு பழத்தை எடுத்து மகளிடம் கொடுத்தார்.

பிறகு எழிலனைப் பார்த்துக் கேட்டார். "அந்த டிரம்ஸயெல்லாம் பஸ்சுல கண்டக்டர் ஏத்துவானா தம்பி?"