மூத்த வீட்டு சர்வர்

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் மூன்று பேர்: பெரியவர் வைரவநாதன், அவர் தம்பி அருணகிரி, தம்பி மகள் குழலி. குடும்ப நிறுவனத்தின் இணையப் பெயரைச் சொல்லி முகவரி கேட்கும் கணினிகளுக்குப் பதில் சொல்ல அண்ணன் வீட்டில் ஒரு சர்வர், தம்பி வீட்டில் ஒரு சர்வர். எந்தெந்த வீட்டில் கேட்கலாம் என்ற பட்டியலில் மூத்த வீட்டைத்தான் வைரவநாதன் முதலில் எழுத வைத்திருந்தார். ஆனாலும் நூற்றுக்குத் தொண்ணூறு கேள்விகள் தம்பி வீட்டுக்கே போவதைத் திரை காட்டியது.

"மூத்தவன் இருக்கையில எளையவன் வாசலுக்குப் போறது என்னம்மா மொறை?"

"கேக்குற கம்ப்யூட்டருக்கு மூத்தவங்க எளையவங்க தெரியாது பெரியப்பா. ரெண்டு வீட்டையும் கேட்டுப் பார்த்துட்டு, சீக்கிரம் பதில் சொன்ன வீட்டுக்கே போகும். நடுவுல எப்பவாவது மத்த வீட்டையும் ஒரு தடவை கேட்டுப் பார்க்கும். உங்க லைன்தான் வேகம். ஆனா கேக்குறவங்க யார் எவர்னு விசாரிச்சுட்டுத்தான் பதில் சொல்லணும்னு வச்சிருக்கீங்களே."

"கண்டவனுக்கெல்லாம் வாய் தொறக்குற வீடா இது?"

"நீங்க நிதானமா விசாரிங்கண்ணே. அதுவரைக்கும் நான் பதில் சொல்லிக்கிறேன்" என்றார் அருணகிரி.

வைரவநாதனின் முதுகு இன்னும் நிமிர்ந்தது. "விசாரணைய எடும்மா."

குழலி எடுத்தாள். சற்று நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு, சும்மா கேட்டுப் பார்க்க ஒரேயொரு கேள்வி மூத்த வீட்டுக்கு வந்தது. கண் இமைப்பதற்குள் பதில் போனது. அடுத்து மூன்று வந்தன, முப்பது வந்தன, முந்நூறு வந்தன. வைரவநாதன் எழுந்து நின்று, திரையைப் பார்த்துக் கைகூப்பி, "வாங்க, வாங்க" என்றார்.

அன்று தம்பி வீட்டு சர்வர் நின்றுபோயிருந்தது என்று பிறகு உறவுக்குள் பேசிக்கொண்டார்கள். நிற்கவில்லை. ஓடிக்கொண்டுதான் இருந்தது.