ஐம்பது நிமிடத்துக்கு ஒரு மிஸ்டு கால்

ஐம்பது நிமிடம் முடிந்ததும் சுருட்டை கைபேசியை எடுத்தாள். கொட்டாவியின் எண்ணை அழுத்தி, ஒரே ஒரு ரிங் போனதும் துண்டித்தாள். காலையிலிருந்து இது நான்காவது.

‘எழுந்திருக்காமல் ஐம்பது நிமிடம் படித்துவிட்டேன்’ என்று அதற்கு அர்த்தம். பயிற்சி வகுப்பு முடிந்த அன்று இரண்டு தோழிகளும் போட்டுக்கொண்ட ஒப்பந்தம் அது. பரீட்சை நாள் வரை பேச்சு கிடையாது, மெசேஜ் கிடையாது, நேரில் பார்ப்பதும் கிடையாது. மிஸ்டு கால் மட்டும்.

“பேச ஆரம்பிச்சா ரெண்டு பேரும் உருப்பட மாட்டோம்டி. ஆனா நீ அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கேன்னு எனக்குத் தெரியணும். தனியா விட்டா எனக்குப் புத்தகம்தான் தலையணை.” இதைச் சொல்லும்போதும் ஒரு கொட்டாவி விட்டாள், வகுப்பே அந்தப் பெயர் வைத்துக் கூப்பிட்ட அவள்.

சுருட்டை கைபேசியைப் பையில் போட்டுக்கொண்டு, ஓடி முடித்த சலவை இயந்திரத்தின் கதவைத் திறந்தாள். வெந்நீர் வாடை முகத்தில் அடித்தது. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள், நாற்பது. ஈரத்தோடு உருவி வண்டியில் போட்டுவிட்டு அடுத்த மூட்டையை உள்ளே திணித்தாள். இயந்திரம் ஒரு சுற்று ஓட ஐம்பது நிமிடம் ஆகும்.

அவள் புத்தகத்தைத் தொட்டு ஐந்து மாதம் ஆகிறது.

“பதினொண்ணாச்சு, டீ குடிக்க வா” என்று இஸ்திரி போடும் அக்கா கூப்பிட்டாள். அதே நேரம் கைபேசி ஒரு முறை சிணுங்கி அடங்கியது. கொட்டாவி.

“யாருடி அது? நீ அடிச்சா அங்க எடுக்கறதில்ல, அங்கேருந்து அடிச்சா நீ எடுக்கறதில்ல.”

“ஃப்ரெண்டுக்கா.”

“சண்டையா?”

“சேச்சே. ரொம்ப ஒத்துமை.”

அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு டீயை நீட்டினாள்.

முதலில் சுருட்டையும் ஒழுங்காகத்தான் படித்தாள். இரண்டு முறை கோட்டைவிட்ட பரீட்சை. அண்ணன் வீட்டில் யாரும் அவளை ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவள் புத்தகத்தோடு வந்தால் அண்ணி டிவியை அணைத்துவிடுவாள். அப்புறம் வீடு முழுக்க ஒரு சத்தமும் இருக்காது. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

இரண்டு மாதம் போனதும் கொட்டாவியின் மிஸ்டு கால்கள் மாறின. ஐம்பது நிமிடத்துக்கு ஒன்றாக வந்துகொண்டிருந்தவை பதினொன்றுக்கு, ஒன்றரைக்கு, நாலுக்கு என்று ஆயின. சுருட்டை கணக்குப் போட்டுப் பார்த்து மலைத்தாள். ஒரே மூச்சில் இரண்டரை மணி நேரம்!

தானும் அப்படி உட்கார்ந்து பார்த்தாள். இருபதாவது நிமிடமே எழுத்துகள் எறும்பாக ஊர்ந்தன. மூன்று மாதம் முட்டி மோதினாள். ஒரு நாள் இரண்டரை மணி நேரம் கழித்து எழுந்தபோது, புத்தகம் திறந்த பக்கத்திலேயே இருந்தது. இவளோடு ஓட நமக்குக் கால் இல்லை என்று அன்றைக்குத் தோன்றிவிட்டது. புத்தகங்களைக் கட்டிக் கட்டிலடியில் தள்ளிவிட்டு இந்த வேலையில் சேர்ந்தாள்.

கொட்டாவியிடம் சொல்லவில்லை. சொன்னால் அவள் தனியாகிவிடுவாள், தூங்கிவிடுவாள். ஒருத்தியாவது கரையேறட்டும்.

அது மட்டும் காரணமில்லை. நாளெல்லாம் இயந்திரம் உருளும் இரைச்சலில், அந்த மூன்று சிணுங்கல்களையும் விட்டால் அவளை நினைத்துக்கொள்ள வேறு ஆள் இல்லை.

பரீட்சை அன்று அரை நாள் விடுப்பு எடுத்தாள். எப்போதோ விண்ணப்பித்திருந்ததால் ஹால் டிக்கெட் அவளுக்கும் வந்திருந்தது. உள்ளே போவதுபோலப் போக்குக் காட்டி, கொட்டாவியை அனுப்பிவிட்டு நழுவிவிடுவது என்று திட்டம்.

பத்து மாதத்துக்குப் பிறகு இருவரும் தேர்வு மையத்தின் வாசலில் கட்டிக்கொண்டார்கள்.

“என்னடி இப்படி இளைச்சிட்டே? சாப்பிடாமக்கூட படிச்சியா?”

“நீ மட்டும் என்னவாம்? கையெல்லாம் வெந்து கிடக்கு.”

“எழுதி எழுதித்தான்” என்று சுருட்டை கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். “சரி, நேரமாச்சு. உள்ள போ.”

“நீ முன்னால போ. நான் தண்ணி வாங்கிட்டு வரேன்.”

“கையிலதான் பாட்டில் இருக்கே!”

“இது பத்தாது.”

“வம்பு பண்ணாம போடி.”

“நீ போடி முதல்ல.”

மற்றவர்கள் எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள். மணி அடித்தது. வாட்ச்மேன் ஒரு பக்கக் கதவைச் சாத்தினார்.

“ஏம்மா, வர்றதுன்னா வாங்க. சாத்திட்டா அப்புறம் அழுதாலும் திறக்க மாட்டேன்!”

சுருட்டை அவள் தோளைப் பிடித்துத் தள்ளினாள். கொட்டாவி நகரவில்லை. இனி ஒளிக்க நேரமில்லை.

“நான் எழுத வரலைடி! அஞ்சு மாசமா லாண்டரியில துணி துவைக்கிறேன். நீ தூங்கிடக் கூடாதேன்னுதான் விடாம அடிச்சேன். ஒரே மூச்சா ரெண்டரை மணி நேரம் உட்கார்றவடி நீ, என்னாலதான் முடியலை. நீயாவது பாஸ் பண்ணு. ஓடு!”

கொட்டாவி ஓடவில்லை. சுருட்டையின் வெந்த கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னால் இரும்புக் கதவின் தாழ் விழுந்தது. கொட்டாவி அந்தக் கைகளை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

“பதினொண்ணு, ஒன்றரை, நாலு... அது டீக்கும் சாப்பாட்டுக்கும் விடற நேரம். நான் வேலைக்குப் போயி எட்டு மாசமாச்சுடி.”