முப்பது விண்ணப்பம்

“முப்பது கம்பெனிக்கு விண்ணப்பம் போட்டேன். ஒருத்தன்கூட பதில் போடல. நெட்வொர்க் இன்ஜினியருக்கு இந்த ஊர்ல வேலையே கிடையாது. வெளியூர்தான் கதி!” என்று சட்டைகளைப் பெட்டியில் திணித்தான் கணவன்.

“மெயிலைச் சரியா பாத்தீங்களா?” என்றாள் மனைவி.

“என்கிட்டயேவா கேக்குற? நான் செட் பண்ணின மெயில்ல ஒரு குப்பை நுழைஞ்சிருக்கா, சொல்லு!”

அழைப்பு மணி அடித்தது. வாசலில் ஒரு கம்பெனி மேனேஜர், கையில் இன்டர்வியூ கடிதம்.

“மூணு தடவை மெயில் போட்டோம் சார். ‘தெரியாதவர்களுக்கு அனுமதி இல்லை’ன்னு திரும்பி வந்துடுச்சு. ஆபீஸ் ரெண்டு தெரு தள்ளித்தான், அதான் நேர்லயே வந்துட்டேன்.”

கணவன் ஓடிப்போய் லேப்டாப்பைத் திறந்தான்.

பெட்டியிலிருந்து சட்டைகளைத் திரும்ப எடுத்தபடி மனைவி சொன்னாள்:

“உள்ள வாங்க சார். இன்னும் இருபத்தொன்பது பேர் வரணும். நாற்காலி பத்துமான்னுதான் தெரியல!”