நாடி ஏறினால் அருவி

ஜெசிந்தாவின் புள்ளியியல் வாத்தியார் திரைக்குள் இருப்பவர், ரொம்ப இரக்கக்காரர். மாணவியின் மணிக்கட்டுப் பட்டையில் நாடி ஏறினால் போதும், உடனே பாடத்தை நிறுத்திவிட்டு, பயம் தணியட்டும் என்று குற்றால அருவியைக் காட்டுவார். 'திட்டவிலக்கம்' என்று அவர் ஆரம்பித்தாலே ஜெசிந்தாவுக்கு நாடி எகிறும். ஒரு மாதமாக அவள் பார்த்ததெல்லாம் அருவிதான். இந்தப் பாடத்தில் தேறாவிட்டால் அவளுடைய ஆஸ்பத்திரி வேலை நிரந்தரமாகாது.

இன்று பட்டையைக் கழற்றி, பக்கத்தில் இறால் உரித்துக்கொண்டிருந்த கணவன் அருள்ராஜின் கையில் மாட்டிவிட்டாள். எதற்கும் அலட்டிக்கொள்ளாத ஆள். பாடம் தடையில்லாமல் ஓடியது. தன்னை யாரும் அளக்கவில்லை என்றதும் அவளுக்கும் விளங்க ஆரம்பித்தது. பாடம் முடிந்ததும் திரையிலேயே தேர்வு வந்தது. மளமளவென்று விடை போட்டாள்.

கடைசிக் கேள்விக்கு விரலை நீட்டினாள். திரையில் அருவி கொட்டியது.

"என்னங்க, உங்களுக்கு ஏன் இப்படி அடிச்சுக்குது?"

அருள்ராஜ் இறாலும் கையுமாக எழுந்து நின்றிருந்தான்.

"இவ்வளவு நேரம் ஒண்ணும் புரியாம நிம்மதியா உரிச்சுக்கிட்டு இருந்தேன். இந்தக் கேள்விக்கு எனக்கே விடை தெரிஞ்சுபோச்சு, ஜெசி. நீ மாத்திப் போட்டுருவியோன்னு பயந்துட்டேன்."