முதல் வாய்

சீனச் சாப்பாடும் ஜப்பான் சாப்பாடும் ஒரே அடுப்பில் வேகிற ஓட்டல் அது. அதன் பின்பக்கச் சுவரில் உட்காரும் காகத்துக்கு எதைக் கண்டாலும் சந்தேகம்.

அன்று ஜன்னலுக்கு வெளியே யாரோ ஒரு தட்டு நூடுல்ஸைக் கொட்டிவிட்டுப் போனார்கள். காகம் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தது. புழு என்றால் நெளியவில்லை. நூல் என்றால் ஆவி பறக்கிறது. மேலே சிவப்பாக என்னமோ பூசியிருக்கிறார்கள். எலிக்கு வைத்த மருந்தாக இருந்தால்?

"கா! கா!" என்று தன் மச்சானை வாய் நிறையக் கூப்பிட்டது.

மச்சான் காகம் பறந்து வந்தது. "நீ தின்னலையா?"

"நீ இல்லாம என்னைக்குத் தின்னிருக்கேன்? முதல் வாய் உனக்குத்தான்."

மச்சானுக்குக் கண் கலங்கிவிட்டது. அது கொத்தத் தொடங்கியதும், காகம் நாலடி தள்ளிப் போய் அதன் கால் தள்ளாடுகிறதா என்று பார்த்தது.

ஜன்னலுக்கு உள்ளே ஒருவர் உருகிப்போனார். "காக்காயைப் பாருங்க, தனக்குன்னு ஒளிச்சு வைக்காம கூப்பிட்டுக் கொடுக்குது!" அப்போது பச்சை மீன் வைத்த சுஷி மேசைக்கு வந்தது. அவர் தட்டை எதிரில் இருந்தவர் பக்கம் மெல்லத் தள்ளினார்.

"முதல்ல நீங்க எடுத்துக்குங்க, மச்சான்."

மச்சான் மென்றார். அவர் முகத்தை விட்டு இவர் கண் நகரவில்லை.

'அட, நம்ம ஆள்!' என்று காகம் அவரையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டது. திரும்பினால் நூடுல்ஸ் ஒரு துண்டு மிச்சமில்லை.

மச்சான் காகம் அலகைச் சுவரில் துடைத்தது.

"நாளைக்கும் மறக்காம கூப்பிடு."